தெருப்பெயர் கேட்கும் நகரம்: குழந்தையோடு குடியேறும் தலித் பெற்றோருக்கு அக்கம்பக்கம் எங்கே?

தஞ்சாவூரில் வாடகைக்கு வீடு தேடிப் போகும் இளம் தம்பதியிடம் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது, "எந்த ஊர்?" என்பதுதான். மன்னார்குடிப் பக்கம் என்றால், "மன்னார்குடியில் எங்கே?" என்பது அடுத்த கேள்வி. கிராமத்தின் பெயரைச் சொன்னால், "அங்கே எந்தத் தெரு?" என்று மூன்றாவது கேள்வி வரும். காவிரிப் படுகையில் தெருவைச் சொல்வது சாதியைச் சொல்வதுதான். இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்பது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் பெண்ணுக்கு முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது.

புது நகரத்தில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு: அக்கம்பக்கத்தாரோடு பழகுங்கள், மற்ற தாய்மாரோடு பேசுங்கள், துணை தானாக அமையும். பக்கத்து வீட்டுக் கதவு எல்லோருக்கும் ஒரே மாதிரி திறக்கும் என்று இந்த அறிவுரை எடுத்துக்கொள்கிறது. டெல்டாக் கிராமத்துச் சேரிகளிலிருந்து நகரத்துக்கு வரும் தலித் பெற்றோரின் அனுபவம் அப்படி இல்லை. அவர்களுக்கு அக்கம்பக்கம் என்பது உரிமைச் சிக்கலும்கூட. அதன் காரணங்களையும், சட்டம் தரும் பிடிமானங்களையும், நகரத்தில் துணையைக் கட்டியெழுப்பும் வழிகளையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

விட்டு வருவது எதை?

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62ஆம் ஆண்டுகளில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கிக் கள ஆய்வு செய்தார். 'ஸ்ரீபுரம்' என்று அவர் புனைபெயரிட்ட அந்தக் கிராமம், அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி என மூன்றாகப் பிரிந்து கிடந்ததை 1965இல் வெளிவந்த நூலில் பதிவு செய்தார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வரைபடம் டெல்டாவில் அழிந்துவிடவில்லை. வயலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி ஒதுக்கி வைக்கப்பட்ட இடமாகவே பல ஊர்களில் சேரி இருக்கிறது.

ஒதுக்கி வைக்கப்பட்ட அந்த இடத்துக்குள் பிள்ளை வளர்ப்புக்கென ஓர் ஏற்பாடு இருந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் வரப்போரத்து மரக்கிளையில் சேலைத் தூளி கட்டிக் கைக்குழந்தையைப் போடுவார்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளை வேலைக்குப் போக முடியாத அப்பாயியும் அம்மாச்சியும் பார்த்துக்கொள்வார்கள். காய்ச்சலடித்தால் கைவைத்தியம் சொல்லவும், ஆள் இல்லாத வேளையில் ஒரு வாய்ச் சோறு ஊட்டவும் எதிர்வீடு உண்டு. தன் பிள்ளை, பிறர் பிள்ளை என்ற கணக்கு அங்கே அவ்வளவாக இல்லை.

இதை ஏக்கத்தோடு மட்டும் பார்ப்பது தவறு. பண்ணையில் ஓய்வு இல்லாததால், கூலி குறைவாக இருந்ததால், ஊர்த்தெருவிலிருந்து எந்த உதவியும் வராது என்பதால் உருவான ஏற்பாடு அது. கட்டாயத்தில் பிறந்தாலும் அந்த உறவு வலிமையானது. அதே உறவுதான் செங்கொடியின் கீழ்க் கூலி உயர்வு கேட்டது. அதற்குப் பதிலாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நிலவுடைமையாளரின் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கும் சட்டம் 1971இல் வந்தது. தான் குடியிருக்கும் இடத்திலிருந்து எந்த நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சம் அதன் பிறகே ஓரளவு தணிந்தது.

இப்போது அந்தக் குடியிருப்பிலிருந்து இளைஞர்கள் தாமாகவே வெளியேறுகிறார்கள். அறுவடை இயந்திரம் பெண்களின் அறுப்பு வேலையைப் பறித்துவிட்டது. நடவு இயந்திரமும் வந்துவிட்டது. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படுமா என்பதைப் பொறுத்தே குறுவை வேலை. 2016-17ஆம் ஆண்டு வறட்சியும் 2018 நவம்பர் 16இல் கரையைக் கடந்த கஜா புயலும் அடுத்தடுத்து அடித்தன. இன்னொரு காரணம் நம்பிக்கை தருவது: அரசுக் கல்லூரியிலும் விடுதியிலும் படித்து முடித்த முதல் தலைமுறை, படிப்புக்கேற்ற வேலை தேடி நகரத்துக்கு வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு; திருவாரூர் மாவட்டத்தில் 34 விழுக்காடு. இந்தப் படுகையில் நடக்கும் எந்த இடப்பெயர்வும் தலித் மக்களின் வாழ்வைத் தொடாமல் போகாது.

அப்படி வருபவர்கள் இரு வகையினர். கட்டட வேலை, ஜவுளிக்கடை, மருத்துவமனைத் துப்புரவு என்று வருபவர்கள் பெரும்பாலும் நகரத்திலுள்ள தலித் குடியிருப்புகளில் உறவினர் பக்கத்திலேயே இடம் தேடுகிறார்கள். வசதி குறைவு என்றாலும் துணை உண்டு. செவிலியராக, ஆசிரியராக, வங்கி ஊழியராக, ஆராய்ச்சி மாணவராக வருபவர்கள் நகர்ப்புற விரிவாக்கப் பகுதிகளில் தனி வீடு தேடுகிறார்கள். சம்பளம் உயர்ந்திருக்கும், துணை அறுந்திருக்கும். பிரசவத்துக்குப் பிறகு தாயின் தாய் வந்து மூன்று மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பியதும், அந்த வீட்டில் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் பகல் முழுதும் தனித்திருக்கிறார்கள்.

வாடகை வீட்டின் வாசலில்

இந்த அனுபவம் நமக்குப் புதிதன்று. 1917இல், வெளிநாட்டுப் படிப்பிலிருந்து திரும்பி, பரோடா சமஸ்தானத்தில் பணியேற்கச் சென்றார் அண்ணல் அம்பேத்கர். அப்போது அவருக்கு வயது 26. மூத்த மகன் யஷ்வந்துக்கு ஐந்து வயது நிறையவில்லை. நகரத்தில் அவருக்கு வீடு கொடுக்க எவரும் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடிகளோடு வந்த கும்பல் அவரை வெளியேற்றியது. அரசுப் பதவியும் அயல்நாட்டுப் பட்டமும் பெற்ற ஓர் இளம் தந்தை, பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு இரயிலேறினார். படித்து வேலைக்கு வந்துவிட்டால் சாதி விலகிவிடும் என்று நம்பும் மாணவர்கள் இந்நிகழ்வைத் திரும்பத் திரும்ப நினைவுகூர வேண்டும்.

இன்று இது முரட்டுத்தனமாக நடப்பது குறைவு. "சொந்தக்காரர் வருகிறார்", "அசைவம் சமைப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை", "நேற்றே அட்வான்ஸ் வாங்கிவிட்டோம்" என்று மென்மையாகவே மறுக்கிறார்கள். சுகதேவ் தோரட்டும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் தில்லி வட்டாரத்தில் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இந்த மென்மையைத் தோலுரித்தது. வாடகைக்கு விளம்பரம் செய்யப்பட்ட அதே வீடுகளுக்கு உயர்சாதியினர், தலித்துகள், முஸ்லிம்கள் என அடையாளம் தெரியும்படி தனித்தனியாகக் கேட்டபோது, ஒருவருக்கு இருந்த வீடு மற்றவருக்கு இல்லாமல் போனது.

சட்டம் என்ன சொல்கிறது? 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், ஒப்பந்தம் போட்ட பிறகான உரிமைகளையும் கடமைகளையுமே பேசுகிறது. வாடகைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் காட்டப்படும் சாதிப் பாகுபாட்டைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று தன் உறுப்பினர்களை ஒரே சமூகத்தாராக வரையறுத்துக்கொள்ளலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றம் அகமதாபாத் வழக்கொன்றில் ஏற்றுக்கொண்டதும் நமக்குப் பாதகமானது.

ஆனால் நம் வழக்குரைஞர்களே அதிகம் எடுத்தாளாத ஒரு கருவி இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, தீண்டாமையின் அடிப்படையில் ஒருவருக்கு எந்தெந்த விஷயங்களில் தடை விதிப்பது குற்றம் என்று பட்டியலிடுகிறது. அப்பட்டியலில், எந்தப் பகுதியிலும் குடியிருப்புக் கட்டடத்தைக் கட்டுவது, பெறுவது, அதில் குடியிருப்பது என்பது தெளிவாக இடம்பெற்றுள்ளது. ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. இதைவிட முக்கியமானது 12ஆவது பிரிவு: பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் தொடர்பாக இத்தகைய செயல் நடந்தால், அது தீண்டாமையின் அடிப்படையிலேயே நடந்தது என்று நீதிமன்றம் கருத வேண்டும், இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிரியுடையது. அரசமைப்பின் 17ஆவது உறுப்பு அரசை மட்டுமல்லாமல் தனிநபர்களையும் கட்டுப்படுத்தும் என்பதும் நிலைபெற்ற சட்ட நிலைப்பாடு.

இருந்தும் வழக்குகள் ஏன் அரிது? சான்று இல்லை என்பது ஒரு காரணம். தோரட் குழுவின் வழிமுறையே இதற்கு விடை தருகிறது. உங்களுக்கு மறுக்கப்பட்ட வீட்டை, மறுநாள் வேறு சாதியைச் சேர்ந்த நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள். வீடு இன்னும் காலியாக இருந்தால், தேதி, நேரம், தொலைபேசி எண், சொல்லப்பட்ட வாடகை ஆகியவற்றை எழுதி வையுங்கள். தரகர் அனுப்பும் குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். வீட்டுக்காரர் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தும். ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. பொதுமக்கள் பார்வைக்கு எட்டாத நான்கு சுவர்களுக்குள் நடந்த இழிவு, அச்சட்டத்தின் 3(1)(r) பிரிவில் அடங்காது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே சொல்லப்பட்டது தெருவிலா, மாடிப்படியிலா, யார் கேட்டார்கள் என்ற விவரங்கள் புகாரின் முதல் வரிகளிலேயே இருக்க வேண்டும்.

மறைத்து வாழ்வதன் விலை

வீடு கிடைத்த பிறகு தொடங்குவது இரண்டாவது சிக்கல். ஊர்ப்பெயரைச் சற்று மாற்றிச் சொல்லி, தெருப்பெயரைச் சொல்லாமல் தவிர்த்து வீடு பிடித்தவர்கள், அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டே வாழ வேண்டியிருக்கிறது. திருமணமாகாதவருக்கு இது ஓரளவு எளிது. காலையில் போய் இரவில் திரும்பலாம். குழந்தை அந்த வசதியைப் பறித்துவிடுகிறது. குழந்தை பக்கத்து வீட்டுக்கு ஓடும். அங்கே கொடுப்பதைத் தின்னும். அதன் பிறந்தநாளுக்கு ஊரிலிருந்து உறவினர் வருவார்கள். வந்தவர்கள் சுவரில் அம்பேத்கர் படம் எங்கே என்று கேட்பார்கள். பெற்றோர் மறைத்து வைத்திருப்பது எதுவென்று அறியாமல், நான்கு வயதுப் பிள்ளை அதை எல்லோரிடமும் சொல்லிவிடும்.

இதனால் பல பெற்றோர் தாமாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். மாமியார் வருவதைத் தள்ளிப்போடுகிறார்கள். வாசலில் நின்று பேசுவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கூச்ச சுபாவமாகத் தெரியலாம். புதிதாகப் பிரசவித்த பெண்ணுக்கு மனச்சோர்வு வருவது மருத்துவம் ஏற்றுக்கொண்ட உண்மை. தனிமை அதை மேலும் மோசமாக்கும் என்பதும் தெரிந்ததே. சாதி மறைப்பு தரும் தனிமை இதன் மேல் வந்து சேர்கிறது.

ஒதுக்கல் குழந்தைகளை நேரடியாகவும் தொடுகிறது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாங்குளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் சிறுவர்களிடம், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லிக் கடைக்காரர் விற்க மறுத்த காணொளியை நாடே பார்த்தது. அதே ஆண்டின் இறுதியில் தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு வட்டம் கிளாமங்கலத்திலும் தலித் மக்களுக்குப் பொருள் விற்க மறுக்கப்பட்டது. இரண்டு இடங்களிலும் கடைக்காரர்கள் கைது செய்யப்பட்டனர். கடை, மருத்துவமனை, கல்வி நிலையம் உள்ளிட்ட எந்தப் பொதுவிடத்திலும் நுழைவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவின்படியும், சமூகப் புறக்கணிப்பு 3(1)(zc) பிரிவின்படியும் குற்றங்கள். இவை 2015 திருத்தத்தில் சேர்க்கப்பட்டவை. தங்கள் கிராமத்தில் இதைக் கண்டு வளர்ந்தவர்கள், நகரத்தில் ஒரு கடைக்காரரின் முகம் சற்று மாறினாலும் பிள்ளையின் கையை இழுத்துக்கொண்டு வந்துவிடுவதில் வியப்பில்லை.

அங்கன்வாடி என்னும் பொதுவிடம்

அப்படியானால் துணை எங்கே கிடைக்கும்? தனிநபர்களின் தயவில் திறக்கும் கதவுகளைவிட, உரிமையால் திறந்தே இருக்கும் கதவுகளிலிருந்து தொடங்குவதே உறுதியான வழி. குழந்தை வைத்திருப்பவர்களுக்கு அத்தகைய முதல் கதவு, நம் மக்கள் பால்வாடி என்று அழைக்கும் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தால் சட்ட உரிமையின் வலுவைப் பெற்றது. கருவுற்ற பெண், பாலூட்டும் தாய், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான குழந்தை ஆகியோருக்கு அங்கன்வாடி வழியாக உணவு பெறும் உரிமை உண்டு. நடுத்தர வர்க்கத்துக்கு நகர்ந்த நம் குடும்பங்கள் பலர் அங்கன்வாடியை ஏழைகளின் இடம் என்று தவிர்த்து, தனியார் மழலையர் பள்ளியை நாடுகிறார்கள். எடை பார்க்கவும் இணை உணவு வாங்கவும் பல தெருத் தாய்மார் மாதந்தோறும் கூடும் ஓரிடத்தை அதன் மூலம் இழக்கிறார்கள்.

பகுதியில் அங்கன்வாடியே இல்லை என்றால்? மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையைக் கேளுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேராவது உள்ள கிராமக் குடியிருப்பிலோ குடிசைப் பகுதியிலோ அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கோரிய மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும் என்கிறது அது. நாற்பது குழந்தைகளின் பெயரைச் சேகரிக்க நாற்பது வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஒரு மனு எழுதப் போய் ஒரு தெருவோடு அறிமுகமாகும் வாய்ப்பு இதில் இருக்கிறது.

இரண்டாவது கதவு அரசுப் பள்ளி. இடம்பெயர்ந்து வரும் குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அதன் 21ஆவது பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நலிவுற்ற பிரிவுகளின் பெற்றோருக்கு விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் தரப்பட வேண்டும். புதிதாக வந்த ஒரு தாய் அந்தக் குழுவில் உட்காரும்போது, அவர் யார் வீட்டுத் திண்ணைக்கும் விருந்தாளியாகப் போகவில்லை; தன் இருக்கையில் உட்கார்கிறார்.

பொது நிறுவனங்களுக்குள்ளும் சாதி நுழைகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைப்பதை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று காலை உணவுத் திட்டம் நம் டெல்டாவின் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அடுத்த மாதமே கரூர் மாவட்டத்தில், தலித் பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக்கூடாது என்று சில பெற்றோர் தடுத்தனர். ஆட்சியர் நேரில் சென்று அவ்வுணவை உண்டார். இரண்டு நிகழ்வுகளும் ஒரு வேறுபாட்டைக் காட்டுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் நம் வீட்டில் சாப்பிட மறுத்தால் சட்டம் தலையிட முடியாது. பொதுச் சமையலறையில் அதே மறுப்பு நடந்தால், அரசு பதில் சொல்லியாக வேண்டும். தலித் பெற்றோர் அங்கே நியாயம் கேட்கும் தகுதியோடு நிற்கிறார்கள்.

கோலார் தங்கவயல் காட்டிய வழி

சட்டமும் அரசு நிறுவனமும் மட்டும் போதா. பிள்ளைக்குக் காய்ச்சலடிக்கும் நள்ளிரவில் கூப்பிட ஓர் எண் வேண்டும். அதைத் தருவது அமைப்பாகிய மக்கள்தான். இதற்கும் நம்மிடம் முன்னுதாரணம் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் வலுவான கிளைகள் வளர்ந்தது, தமிழ்த் தலித் மக்கள் பிழைக்கப் போன இடங்களில்தான். கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும், பெங்களூரிலும், கடல் கடந்து ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் சங்கம் இயங்கியது. பள்ளி, அச்சகம், சொற்பொழிவுக் கூட்டம், தமக்கான திருமணச் சடங்கு ஆகியவற்றை அவர்கள் உருவாக்கினார்கள். 1914இல் பண்டிதர் மறைந்த பின்னர், அவரது 'தமிழன்' இதழ் தங்கவயலிலிருந்தே தொடர்ந்தது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள், ஊரில் தங்களுக்கு மறுக்கப்பட்ட சமூக வாழ்வைப் புது இடத்தில் படிப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள்.

இன்றைய நம் அமைப்புகள் இதில் எங்கே நிற்கின்றன? ஏப்ரல் 14லும் டிசம்பர் 6லும் மாலை அணிவிக்கிறோம்; வன்கொடுமை நடந்தால் சாலையில் அமர்கிறோம். இவை தேவை. ஆனால் நம் கூட்டங்கள் மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடிகின்றன. பாலூட்டும் தாய் அதில் பங்கேற்க முடியாது. கைக்குழந்தை வந்த பிறகு இயக்கத்திலிருந்து காணாமல் போகும் பெண் தோழர்களின் பட்டியலை ஒவ்வொரு அமைப்பும் எடுத்துப் பார்த்தால், இழப்பு எவ்வளவு என்று விளங்கும்.

தொடங்கக்கூடிய வேலைகள் எளியவை. வாடகை வீடு தேடுபவருக்கு, பாகுபாடு காட்டாத வீட்டு உரிமையாளர்களின் பட்டியலை நகர வாரியாக அமைப்புகள் பராமரிக்கலாம். மறுக்கப்பட்ட வீட்டை மீண்டும் கேட்டுப் பார்க்க மாணவர்கள் முன்வரலாம். ஞாயிறு காலையில் குழந்தைகளுக்கான கதை நேரத்தையும் தாய்மாரின் சந்திப்பையும் அரசு நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ நடத்தலாம். அங்கே எல்லாச் சாதியினரும் வரட்டும். சேரிக்குள் அடைபட்ட உறவை நகரத்தில் இன்னொரு சேரியாக நட்டுவிடுவது நம் இலக்காக முடியாது. அண்ணல் சகோதரத்துவம் என்று சொன்னது சுவர் தாண்டிய உறவை. சட்ட உதவிக்குப் பணம் வேண்டியதில்லை: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பட்டியல் சாதியினரும் பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறலாம்; 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆட்சியரகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், அங்கன்வாடி கேட்டும் வீடு மறுக்கப்பட்டதைச் சொல்லியும் தலித் பெற்றோர் கூட்டாக மனுக் கொடுக்கத் தொடங்கினால், இது தனிக் குடும்பத்தின் சங்கடம் என்ற நிலை மாறும்.

அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். முகவரியில் இழிவு நீங்குவது நல்லதே. ஆனால் "எந்தத் தெரு?" என்று கேட்பவர் நாளை வேறு சொல்லால் அதையே கேட்பார். அந்தக் கேள்விக்கு மழுப்பாமல் தன் தெருப்பெயரைச் சொல்லிவிட்டு, அதே பகுதியில் வீடும் விளையாட்டும் துணையும் பெறுகிற பிள்ளையே இந்த மாற்றத்தின் அளவுகோல். அந்தப் பிள்ளையின் தாய் வரும் மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிறார் என்றால், கைக்குழந்தையை அந்த ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அமைப்பில் யார் ஏற்பது என்பதை இன்றே முடிவு செய்வோம்.